‘மறுபயிற்சி’ என்றால் என்ன? ஒரே சொல்லுக்குள் நாலு வேறு வேலைகள்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சுவரில் நோட்டீஸ் பார்த்தேன். “இலவசத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி. வேலை தேடுவோர், வேலையில் இருப்போர், வேலை இழந்தோர் அனைவரும் வரலாம்.” நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே பயிற்சி இல்லையே. வேலை தேடுகிறவருக்கு முதல் தொழில் வேண்டும், வேலையில் இருப்பவருக்கு இருக்கிற தொழிலில் அடுத்த படி வேண்டும், வேலை போனவருக்கோ பெரும்பாலும் வேறு தொழிலே வேண்டும். மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் வருகிறவர் எதை எதிர்பார்த்து வருவார்?

இது வெறும் சொல் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். என் பெரியப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் 26 வருஷம் ரிங் ஃபிரேம் என்கிற நூற்பு இயந்திரத்தில் வேலை பார்த்தவர். நூல் அறுந்தால் ஓடுகிற கதிரிலேயே கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுவார். ஆலை நின்ற பிறகு ஒருநாள் வீட்டுக்குக் கடிதம் வந்தது, ‘மறுபயிற்சி’க்கு வரச் சொல்லி. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். “26 வருஷம் ஓட்டினவனுக்கு மறுபயிற்சியாடா? நான் என்ன வேலை தெரியாமலா இருந்தேன்?” என்று கேட்டார். போகவே இல்லை. அந்தப் பயிற்சி வீட்டு வயரிங் வேலைக்கானது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மில்லில் ஓட்டின வேலையையே மறுபடி கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். அப்படி நினைத்ததில் அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழுகிறது.

‘மறு’ என்ன சொல்கிறது?

தமிழில் ‘மறு’வுக்கு இரண்டு முகம் உண்டு. மறுகூட்டல், மறுதேர்வு, மறுவாக்குப்பதிவு என்றால், முதலில் செய்தது சரியாக வரவில்லை, அதனால் அதையே திரும்பச் செய்கிறோம் என்று பொருள். மறுநாள், மறுகரை, மறுமணம் என்றால் அப்படி இல்லை. மறுநாள் என்பது நேற்றே திரும்பி வருவது கிடையாது. தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வருகிற மறுகரை, நாம் கிளம்பிய கரை இல்லை. மறுமணத்தில் ஆளே வேறு. இந்த இரண்டாவது வகையில் ‘மறு’ என்றால் ‘வேறு’, ‘அடுத்தது’.

பெரியப்பாவின் காதில் விழுந்தது மறுதேர்வில் வருகிற ‘மறு’. கடிதம் எழுதியவர் மனதில் இருந்தது மறுகரையில் வருகிற ‘மறு’.

‘மீள்’ என்று இன்னொரு முன்னொட்டும் புழங்குகிறது. மீள்வது என்றால் போன இடத்திலிருந்து பழைய இடத்துக்கே திரும்பி வருவது. ஊர் மீண்டான், கடனிலிருந்து மீண்டான் என்கிறோமே, அது. அதனால் ‘மீள்பயிற்சி’ என்றால், விட்டுப்போன பழைய கைப்பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்றுதான் கேட்கும். புதுத் தொழிலுக்கு அந்தச் சொல்லைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுச்சேரியில் எங்களுக்குத் தெரிந்த சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள்.) இந்தக் குழப்பத்தைச் சொன்னதும் அவர் உடனே இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சொன்னார். செய்கிற வேலையிலேயே அறிவைப் புதுப்பித்துக்கொள்ள அனுப்பினால் அது ரெசிக்லாஜ். ராணுவத்தை விட்டு வெளியே வந்து வேறு பிழைப்புக்குப் போவதற்கான ஏற்பாடு ரெகோன்வெர்சியோன். “இரண்டையும் மாத்திச் சொன்னா அங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க தம்பி” என்றார். இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்தால், காகிதம் கைக்கு வந்ததுமே ஒரு ஆளுக்குத் தன் நிலைமை என்னவென்று தெரிந்துவிடுகிறது.

சுருக்கமாக: ‘மறு’ என்பதற்கு ‘அதே திரும்ப’ என்றும் பொருள், ‘வேறு’ என்றும் பொருள். பயிற்சி விஷயத்தில் குழப்பம் முளைக்கிற இடம் அதுதான்.

ஒரு இட்லி மாஸ்டரை வைத்துப் பார்ப்போம்

கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சிற்றுண்டிக் கடை. அதில் 15 வருஷமாக இட்லி, தோசை போடுகிற ஒரு மாஸ்டர். அவருக்கு நாலு விதமாகப் பயிற்சி வரலாம்.

உடம்பு சரியில்லாமல் இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வருகிறார், கை கொஞ்சம் மறந்திருக்கிறது, அல்லது உணவுப் பாதுகாப்பு விதி ஏதோ மாறியிருக்கிறது. ஓரிரு நாளில் எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொள்கிறார். இதற்குப் புத்தாக்கப் பயிற்சி என்று பெயர். ஆசிரியர்களுக்கு நடக்கிறதே, அதே சொல்தான். தொழில் அதே, அளவும் அதே.

கடை பெரிதாகிறது. ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு நீராவி பாய்லரில் இட்லி வேக வைக்க வேண்டும், மாவுக் கணக்கு போட வேண்டும், கீழே நாலு பேரை வேலை வாங்க வேண்டும். அதைக் கற்றுக்கொண்டால் திறன் மேம்பாடு. தொழில் அதே, படி உயர்கிறது.

கடையையே மூடிவிட்டார்கள். மாஸ்டர் புதுச்சேரியில் ஒரு பேக்கரிக்குப் போய் ரொட்டி போடக் கற்றுக்கொள்கிறார். இதுதான் மறுதிறன் பயிற்சி: கையிலிருக்கும் தொழில் போய்விட்ட, அல்லது போகப்போகிற ஒருவரை வேறு தொழிலுக்குத் தயார் செய்வது. இந்தக் கட்டுரையில் முக்கியமான சொல் இதுதான், இதைத்தான் எல்லோரும் மற்றதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள்.

நாலாவது வகையை நிறையப் பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மாஸ்டருக்கு வேலை அத்துப்படி, ஆனால் கையில் ஒரு காகிதம் இல்லை. வெளிநாட்டு வேலைக்கோ பெரிய ஹோட்டலுக்கோ போனால் சான்றிதழ் கேட்கிறார்கள். அவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, தெரிந்ததைச் செய்து காட்டிச் சான்று வாங்கினால் போதும். இதை முன்கற்றல் அங்கீகாரம் என்கிறார்கள். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் இது ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது. 20 வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவரை மூன்று மாத அடிப்படை வகுப்பில் உட்கார வைப்பது அவர் கூலியையும் கெடுக்கிறது, மரியாதையையும் கெடுக்கிறது. அவருக்கு வேண்டியது இந்த அங்கீகாரம்தான்.

சுருக்கமாக: பழையதைப் புதுப்பித்தால் புத்தாக்கம், அதே தொழிலில் ஏறினால் மேம்பாடு, தொழில் மாறினால் மறுதிறன், தெரிந்ததற்குக் காகிதம் வாங்கினால் அங்கீகாரம்.

பழைய திறன் எங்கே போகிறது?

மறுதிறன் என்றதும் நிறையப் பேர் மனதில் வருவது, பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் சிலேட்டு. அப்படி எதுவும் நடப்பதில்லை. இட்லி மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவு எப்போது பொங்கும், மார்கழியில் ஏன் தாமதமாகிறது, கத்திரி வெயிலில் ஏன் சீக்கிரம் புளித்துப்போகிறது என்பதெல்லாம் அவர் மூக்குக்கும் விரலுக்கும் தெரியும். ரொட்டி மாவும் பொங்குகிற மாவுதான். அந்த அறிவு அப்படியே கூட வரும். ஓவனின் சூடும் மைதா பிசையும் பதமும் அவருக்குப் புதிது. ஆக அவர் பாதி தூரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறார்.

இப்படி ஒரு வேலையில் கற்றது இன்னொரு வேலைக்குள் போவதைக் கற்றல் மாற்றம் என்கிறார்கள். தார்ண்டைக், வுட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1901-லேயே இதை ஆராய்ந்து ஒரு விஷயம் சொன்னார்கள்: இரண்டு வேலைக்கும் பொதுவான கூறுகள் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் பழைய பயிற்சி புதிய வேலைக்கு உதவும். ‘மூளை கூர்மையாகிவிட்டது, இனி எதையும் கற்றுக்கொள்வான்’ என்று பொதுவாகச் சொல்வது அவ்வளவாகச் செல்லாது. எந்தத் தொழிலிலிருந்து எந்தத் தொழிலுக்கு என்று பார்க்க வேண்டும்.

உதவுவது மட்டும் இல்லை, பழைய பழக்கம் குறுக்கேயும் நிற்கும். அதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

அக்காவின் வலது கால்

பக்கத்து வீட்டு அக்கா 18 வருஷமாகக் கால் மிஷினில் ஜாக்கெட் தைப்பவர். ரெடிமேடு வந்த பிறகு வருகிற துணி குறைந்தது, புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆயத்த ஆடை யூனிட்டில் சேரலாம் என்று ஒரு பயிற்சிக்குப் போனார். “தையல் தெரியும்ல, ஒரு வாரத்துல பழகிடும்” என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வாரம் முழுக்க அவர் அழாத குறை.

கால் மிஷினில் குதிகாலும் முன்காலும் மாறி மாறி ஆட வேண்டும், ஊஞ்சல் மாதிரி. வலது கையால் சக்கரத்தைத் தட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடங்குவார்கள், நிறுத்தவும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் கை போகும். பவர் மிஷினில் முன்காலை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். அதுவும் சாதாரண ஓட்டம் இல்லை, நிமிடத்துக்கு 4,000 தையல் வரை போகிற மிஷின்கள் அவை. அக்காவின் கால் 18 வருஷப் பழக்கத்தில் ஊஞ்சலாடியது. மிஷின் பாய்ந்தது, நின்றது, பாய்ந்தது, நின்றது. கை தானாகச் சக்கரத்துக்குப் போனது, சூப்பர்வைசர் “கையை எடுங்கக்கா, கையை எடுங்க” என்று கத்தினார். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்க அக்காவின் கை ஊசிக்குப் பின்னால் நெம்புகோலைத் தேடியது. பவர் மிஷினில் அதை மேசைக்கு அடியில் இருக்கும் தகட்டை வலது முழங்காலால் தள்ளித் தூக்க வேண்டும்.

அதே வகுப்பில் தையலே தெரியாத 19 வயதுப் பெண் ஒருத்தி மூன்றாவது நாளே நேர்க்கோடு தைத்துவிட்டாள். அவள் காலுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை.

ஆனால் மூன்றாவது வாரம் கதை மாறியது. கழுத்து வளைவும் கை பொருத்துவதும் வந்தபோது அந்தப் பெண் திணறினாள், அக்கா பறந்தார். துணி எந்தப் பக்கம் இழுபடும், வளைவில் எங்கே தளர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது அக்காவின் விரலில் இருந்தது. பழையது கை கொடுத்தால் அது நேர் மாற்றம், குறுக்கே நின்றால் எதிர் மாற்றம். ஒரே ஆளிடம், ஒரே மிஷினில் இரண்டும் நடந்தது: காலில் எதிர், விரலில் நேர்.

பயிற்சி கொடுப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் விட்டுவிட்டு ஓட மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். அனுபவசாலிக்கு முதல் வாரம் புதியவரைவிடக் கஷ்டமாக இருக்கலாம். அதற்குக் காரணம் வயசு மட்டும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. உள்ளே ஒரு பழைய திறன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

கை பழகுவது எப்படி, அதற்கு எவ்வளவு நாள்?

ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இருவர் 1967-ல் கைத்திறன் பழகுவதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறோம். அப்புறம் தப்பு குறைந்து, தனித்தனி அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கடைசியில் யோசிக்காமலே நடக்கிறது, சைக்கிள் ஓட்டிக்கொண்டே பேசுவது மாதிரி. மறுதிறன் பயிற்சியில் ஒருவர் மூன்றாவது கட்டத்தில் இருந்து இறங்கி முதல் கட்டத்துக்கு வர வேண்டியிருக்கிறது. மாஸ்டராக இருந்தவர் எடுபிடி மாதிரி நிற்க வேண்டும். 45 வயதில், வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, 20 வயதுப் பையன்கள் முன்னால் தப்புத் தப்பாகச் செய்ய வேண்டும். பயிற்சியை விட்டுவிடுகிறவர்களை ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. அது ஆர்வக் குறைவு இல்லை, அந்த இறக்கம் கொடுக்கிற வலி.

நாள் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் தபால்காரர்களுக்குக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் புது இயந்திரத்துக்காகத் தட்டச்சு கற்றுக்கொடுத்தார்கள். கிட்டத்தட்ட மறுதிறன் பயிற்சிதான் அது. பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் அதைக் கவனித்து 1978-ல் எழுதினார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்கு நாளைக்கு நாலு மணி நேரம், நடுவில் வேறு இரண்டு குழுக்கள். விசைப்பலகையைக் கற்று முடிக்க ஒரு மணிக் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரமே தேவைப்பட்டது, நாலு மணிக் குழுவுக்கு சுமார் 50. அதாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியவர்களின் ஒவ்வொரு மணியும் அதிகப் பலன் தந்தது. ஆனால் மனத்திருப்தி குறைவாக இருந்ததும் அதே ஒரு மணிக் குழுவில்தான், நாள் கணக்கில் அவர்கள் பின்தங்கித் தெரிந்ததால்.

நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழ். ‘10 நாள், காலை 9 முதல் மாலை 5 வரை, சான்றிதழ் உண்டு’ என்று முடித்துவிடுகிறார்கள். சொல்லிக் கொடுக்க அது வசதி. ஆனால் கையால் செய்யும் வேலைக்கு, வேலை பார்த்துக்கொண்டே மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் என்பது எவ்வளவோ மேல்.

சுருக்கமாக: பழைய திறன் அழிவதில்லை, சில இடத்தில் உதவும், சில இடத்தில் தடுக்கும். தேர்ந்தவர் மறுபடி தொடக்க நிலைக்கு வருவதுதான் இதில் கடினமான பகுதி, அதற்கு இடைவெளி விட்டுப் பல நாள் பழக வேண்டும்.

சட்டத்திலும் திட்டத்திலும் இந்தச் சொற்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இது புதுக் கதை இல்லை. ஊரில் ரோடியர் மில் என்று சொல்லும் புதுச்சேரி ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 1898-ல் தொடங்கியது, 2020-ல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் இன்று ஓடவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கமெல்லாம் ‘மாற்று வாழ்வாதாரம்’ என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது; அதுவும் மறுதிறன் பயிற்சிக்கு இன்னொரு பெயர்தான். சொல்லப்போனால் எனக்கு அது பிடித்த பெயர், ‘மாற்று’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

தொழிற்சாலைகளில் ஆள் குறைப்பு வரும் என்று எதிர்பார்த்து மத்திய அரசு 1992-ல் தேசியப் புதுப்பித்தல் நிதி ஒன்றை உருவாக்கியது. தொழிலாளர்களுக்கு வேறு தொழில் கற்றுத் தருவதும் அதன் நோக்கம். ஆனால் பணத்தின் பெரும்பகுதி விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பவே செலவானது.

2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் தொழிலாளர் மறுதிறன் நிதி என்று ஒன்று வருகிறது. ஆள் குறைப்பில் வேலை போகிற ஒவ்வொருவருக்காகவும் நிறுவனம் அவருடைய கடைசிச் சம்பளத்தில் 15 நாள் அளவுக்கு அந்த நிதிக்குக் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது அவர் கணக்கில் சேர வேண்டும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: வருவது பணம்தான், வகுப்பு இல்லை. என்ன கற்பது, எங்கே கற்பது என்பதை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். 15 நாள் சம்பளத்தில் ஒரு புதுத் தொழிலுக்கு மாறிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தையும் சிலர் மறுதிறன் என்று எழுதுகிறார்கள். அது முதன்மையாக மாணவர்களுக்கானது. இன்னும் ஒரு தொழிலுக்குள்ளேயே போகாதவருக்கு ‘மறு’ எங்கிருந்து வரும்? அங்கே நடப்பது திறன் வளர்ப்பு.

நோட்டீஸ் கைக்கு வந்தால்

யாராவது உங்களையோ உங்கள் வீட்டாரையோ பயிற்சிக்குக் கூப்பிட்டால், தலைப்பை விட்டுவிட்டு நேராகக் கேளுங்கள்: முடித்த பிறகு நான் செய்யப்போவது இப்போது செய்கிற அதே வேலையா, இல்லை வேறு வேலையா? வேறு வேலை என்றால் என் பழைய அனுபவத்தில் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள்? தினம் எத்தனை மணி நேரம், அந்த நாட்களில் கூலி போனால் யார் ஈடு செய்வது? வேலை எனக்குத் தெரியும், சான்று மட்டும் போதும் என்றால் அதற்கு வழி இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருந்தால் பயிற்சியும் ஓரளவு யோசித்து அமைத்ததாக இருக்கும். நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘திறன் மேம்பாடு’ என்று மொத்தமாகப் போடாமல், ‘மில் வேலை பார்த்தவர்களுக்கு வீட்டு வயரிங் வேலை கற்றுத் தருகிறோம்’ என்று எழுதினால் என் பெரியப்பா போன்றவர்கள் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பார்கள்.

அக்கா இப்போது காலையில் 7 மணிக்கெல்லாம் புதுச்சேரி பஸ் பிடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் தெருப் பெண்களுக்குப் பழைய கால் மிஷினில் ஜாக்கெட் தைக்கிறார். போன வாரம் என் தங்கையின் துணியைக் கொடுக்கப் போனேன். தைத்து முடித்ததும் அவர் வலது முழங்கால் மேசைக்கு அடியில் பக்கவாட்டில் போய், அங்கே இல்லாத தகட்டைத் தேடிக்கொண்டிருந்தது.